அமாவாசை இடுப்பு

போர்டு எழுதின அன்றைக்கே வெண்மதிக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. செஞ்சி காந்தி பஜாரில் பத்து வருஷமாக 'வெண்மதி டெய்லர்' என்றிருந்த கடை, பாண்டிச்சேரி ஃபேஷன் ஷோவுக்கு அவள் பெயர் தேர்வானதும் 'வெண்மதி டிசைனர்' ஆயிற்று. அதோடு விட்டாளா? கீழே சிவப்பில் இன்னொரு வரியும் எழுதச் சொன்னாள்: 'இங்கே ஆல்ட்ரேஷன் செய்யப்படாது.' டிசைனர் ஆன பிறகு பழைய ஜாக்கெட்டைப் பிரித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா என்ன!

அந்த வரிக்கு முதல் பலி பூக்கடை குஞ்சம்மாள். வருஷத்துக்கு ஒரு சுற்று பெருக்கிற உடம்பு. அவளுடைய ஜாக்கெட்டுகள் எல்லாமே வெண்மதி கையால் இரண்டு மூன்று தடவை பிரிபட்டவைதான்.

"கை ஏற மாட்டேங்குது. கொஞ்சம் பிரிச்சு வுடும்மா."

"இனிமே அதெல்லாம் செய்றதில்லக்கா. ஷோவுக்குக் கார்செட்டு தைக்கிறேன்."

"இன்னாது அது?"

வெண்மதி போனில் படத்தைக் காட்டினாள். உள்ளே கம்பி வைத்து, முதுகில் நாடா கோத்து, இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற சட்டை.

"ஆப்பரேஷன் பெல்ட்டா? யாருக்கு ஆப்பரேஷன்?"

டிசைனர்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை என்று வெண்மதிக்கு ஒரு நினைப்பு. குஞ்சம்மாள் ஜாக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அவள் முகம் சுண்டியிருந்தது. வெண்மதி அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

கார்செட்டுக்குச் செஞ்சிக் கோட்டை மலையின் பெயரையே, 'ராஜகிரி' என்று வைத்தாள். கல் நிற சாட்டின், மேல் விளிம்பில் கோட்டைச் சுவர் போல வெட்டு வெட்டாக. உள்ளே வைக்க இரும்புக் கம்பி செஞ்சியில் எங்கே கிடைக்கும்? அதற்குப் பதிலாக ஒயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் வாங்கப் போனாள். "வீட்டுக்கு வயரிங்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "இல்லண்ணே, இடுப்புக்கு" என்றாள் வெண்மதி, பெருமையாகவே.

போட்டு நடக்கப் போகிறவள் அண்ணன் பெண்டாட்டி மணிமொழி. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், நிமிர்ந்த நடை. ஓர் அமாவாசை சாயங்காலம் மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை வாசலிலேயே நிறுத்தி வெண்மதி அளவெடுத்தாள். அண்ணிக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. கார்செட் தைக்கப் போனில் பார்த்துக் கற்ற வீடியோவில் வருகிற வெள்ளைக்காரம்மா இடுப்பளவில் இரண்டு அங்குலம் குறைக்கச் சொல்லியிருந்தாள். வெண்மதி அதையும் குறைத்தாள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அமாவாசையன்று மணிமொழி சாப்பிட மாட்டாள் என்று. டிசைனருக்குத் தெரியவில்லை.

ஓரத்தில் மடக்கி விடுகிற உபரித் துணியை ஒட்ட நறுக்கவும் அந்த அம்மா சொன்னாள். வெண்மதி கத்திரியை எடுத்தாள். பத்து வருஷக் கை கேட்கவில்லை. நாளைக்குப் பெருத்தால் பிரித்துவிட வேண்டாமா என்று துணியை விட்டுத் தைத்தே பழகின கை. போகட்டும் என்று அதை அப்படியே விட்டு, யாரும் பார்க்காதபடி மேலே லைனிங் போட்டு மூடினாள்.

ஷோவன்று காலை பாண்டியில் மணிமொழி பொங்கலும் வடையும் திருப்தியாகச் சாப்பிட்டாள். நல்லவேளை, இரண்டாவது வடையை வெண்மதியே வாங்கிக் கொடுத்தாள். பழியை வேறு யார் மேலும் போட முடியாது. அலங்கார அறையில் நாடாவை இழுத்தால் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி. முழங்காலை அண்ணியின் முதுகில் ஊன்றி இழுத்தாள்.

"நாடா அறுந்துடும் வெண்மதி. இல்லன்னா நான் அறுந்துடுவேன். எப்ப எடுத்த அளவு இது?"

சொன்னாள். மணிமொழி திரும்பி நின்றாள். "அமாவாசை இடுப்புக்குத் தச்சு எடுத்தாந்து எப்பவும் இருக்கிற இடுப்புல மாட்டுறியே, நல்லாருக்குதா இது?"

வெண்மதி நாடாவை விட்டாள். இந்தக் கார்செட் மேடை ஏறாவிட்டால் பஜாரில் அந்தப் போர்டுக்குக் கீழே எந்த முகத்தோடு உட்காருவது? குனிந்தவள் கண்ணில் லைனிங்கின் ஓரம் பட்டது. கார்செட்டைக் கழற்றச் சொல்லி, பிளேடை எடுத்தாள். பளபளப்பான டிசைனர்கள் சுற்றி நிற்க, லைனிங்கைக் கிழித்து, இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, உபரித் துணியை வெளியே விட்டுக் கைத்தையல் போட்டாள்.

"ஆல்ட்ரேஷன் செய்யப்படாதுன்னு போர்டுல பார்த்தேனே?" என்றாள் மணிமொழி.

"அண்ணி, மூச்ச மட்டும் விடுங்க, பேச்ச விடாதீங்க."

கார்செட் ஏறியது. ஆனால் சாட்டின் பொல்லாத துணி. பழைய தையல் போன இடத்தில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. நடுவர் அம்மா மேடையில் அந்த வரிசையைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"கோட்டைச் சுவர்ல துப்பாக்கி நீட்டுற துவாரம், மேடம். கான்செப்ட்."

பக்கத்தில் நின்ற வெண்மதி வாய் கூசாமல் சொன்னாள். நடுவர் கண்கள் விரிந்தன. சிறந்த சிந்தனைக்கான பரிசு 'ராஜகிரி'க்குப் போயிற்று. கை தட்டினார்கள். மணிமொழி சிரிப்பை அடக்க முடியாமல் கும்பிட்டபடியே உள்ளே ஓடினாள்.

மறுநாள் கார்செட்டைக் கடை வாசலில் மாட்டி, பக்கத்தில் கோப்பையை வைத்தாள். பஜாரே வந்து பார்த்தது. துவாரத்தின் கதையை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வெண்மதிக்கே அது உண்மையாகிவிட்டது. சாயங்காலம் பூக்கூடையோடு குஞ்சம்மாள் வந்தாள். கோப்பையைப் பார்க்கவில்லை. கார்செட்டின் பக்கத் தையலை விரலால் ஒரு தடவு தடவினாள்.

"பிரிச்சு வுட்டிருக்க."

வெண்மதி கோப்பையை ஓரமாக நகர்த்தினாள்.

"என் ஜாக்கெட்டுலயும் இதே ஓட்டதான் இருக்குது. எனக்கு யாரும் கப்பு குடுக்கல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. வெண்மதிக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குக் குஞ்சம்மாள் முகம் சுண்டியது இப்போதுதான் சுட்டது.

"யக்கா, அந்த ஜாக்கெட்டக் குடு" என்று கையை நீட்டினாள்.

கூடையில் பூவுக்கு அடியில் அது இருந்தது. தினமும் கொண்டுவந்திருக்கிறாள்.