ஊட்டு நம்பர்

திங்கள்கிழமை சாயங்காலம் சேலத்திலிருந்து வந்த அழைப்பை ஷீனாவின் அப்பாதான் எடுத்தார். அவர் பெயர் தேவசிகாமணி, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மேலதிகாரி மாதிரி யார் பேசினாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். "ஆமாங்க மேடம், நாளைக்குப் பதினோரு மணிக்குங்களா, கரெக்டா வந்துரும்ங்க" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, மகள் பக்கம் திரும்பினார். "அந்தக் கமிட்டிக்காரங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொண்டாரச் சொல்றாங்க." ஷீனா தலையாட்டிவிட்டுக் கேமராப் பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். நாகலூரிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு அங்கே போக முடியும். நாலு நாளாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

ஷீனாவும் கூடப் படித்த கவிப்பிரியாவும் படிப்பை முடித்த கையோடு ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். எஸ்டேட் பாதைகளின் ஓரம், சில்வர் ஓக் மரங்களில் கேமரா கட்டியிருந்தார்கள். காட்டெருமை வந்தால் அதுவே கண்டுகொண்டு, அந்தப் பாதையில் வேலைக்குப் போகிற பெண்களுக்குப் போன் போட்டுச் சொல்லும். சொல்லும் குரல் ஷீனாவுடையது. "பெங்களூர்ல போயி ஒரு வேலை வாங்கறத உட்டுப்போட்டு ரெண்டும் எருமைக்குக் காவல் காக்குதுங்க" என்று டீக்கடையில் சிரித்தவர்கள்கூட, ஐந்து மாதத்தில் கொஞ்சம் அடங்கியிருந்தார்கள். இளம்பெண்கள் தொடங்கும் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்குக் கைகொடுக்கிற திட்டம் ஒன்றில் கடைசிச் சுற்றுவரை வந்தாயிற்று, அந்தக் கமிட்டிதான் கூப்பிட்டிருந்தது. தேர்வானால் மலையில் இன்னும் பதினோரு ஊருக்குக் கேமரா வைக்கலாம். ஆகாவிட்டால் கவிப்பிரியா ஜனவரியில் பெங்களூர் போகிறாள், கம்பெனியைப் பூட்டவேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான், போன வெள்ளிக்கிழமை, கொட்டச்சேட்டு ஆராயியைக் காட்டெருமை தூக்கி எறிந்தது. காப்பிப் பழம் பறிக்கப் போகிற வழியில். இடுப்பெலும்பு முறிந்து சேலத்தில் கிடக்கிறாள்.

கேமரா தவறவில்லை. அதுதான் ஷீனாவை அரித்தது. ஏழு ஐம்பத்திரண்டுக்கு மாட்டைப் பார்த்திருக்கிறது. ஆறு நொடியில் ஆராயிக்குப் போன் போயிருக்கிறது. எடுத்து, பதினாலு நொடி, சேதியை முழுசாகக் கேட்டதாகப் பதிவு இருக்கிறது. எட்டு ஒன்றுக்கு அடிபட்டிருக்கிறாள். முழுசாகக் கேட்டுவிட்டு இந்த அக்கா ஏன் அதே பாதையில் நடந்தாள்? மனசின் ஒரு மூலையில் ஆராயி மேல் கோபம்கூட வந்தது. அடிபட்டுக் கிடப்பவள் மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

வார்டில் ஆராயி தூங்கிக்கொண்டிருந்தாள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் அவள் புருஷன் சின்னையன் உட்கார்ந்திருந்தார்.

"ஊசி போட்டிருக்காங்க. உக்காரு கண்ணு. காப்பித்தண்ணி ஏதாச்சும் குடிச்சியா?"

ஷீனா கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கேட்காமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

"ஏனுங்க, அக்கா அந்தப் போனை எடுத்திருக்காங்க. முழுசாக் கேட்டிருக்காங்க. அப்பறம் ஏனுங்க அதே பாதையில போனாங்க?"

சின்னையன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார்.

"அவளுக்கு ஏது கண்ணு போனு? ஊட்டுக்கே இது ஒண்ணுதான். நாந்தான் எடுத்தேன். ஏற்காட்டுல ஆரஞ்சுக் கூடை ஏத்திக்கிட்டு நின்னேன். மூணாம் பிளாக்குன்னு நீ சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவ அதுலதான் போயிட்டிருப்பான்னு. யாருகிட்டச் சொல்லுவேன்? கூடப் போற பொம்பளைங்க ஒருத்திகிட்டயும் போன் கெடையாது. கத்துனா கேக்கற தூரமா அது?" அவர் போனைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "உம்பட மிசினு சரியாத்தான் சொல்லுச்சு சாமி. ஒம்பது நிமிசம் எனக்குத் தெரியும். நொம்ப நேரம் அது."

ஆடி மாதம், எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், பெண்களை வரிசையில் நிற்கவைத்து ஷீனாதான் ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள்: "ஊட்டு நம்பர் சொல்லுங்க்கா." அறுபத்து நாலு பேரும் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் பத்து இலக்கத்தையும் தடுக்காமல் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆராயி பெயருக்கு நேரே அந்த எண்ணை எழுதியது ஷீனாவின் கை. வெளியூர்க்காரியாக இருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாள், போன் யார் கையில் இருக்கும் என்று. ஷீனா இந்த மலையில் பிறந்தவள். இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர். அது ஆம்பளை பையில் இருக்கும். சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகியது கண்ணில் படவே இல்லை.

கமிட்டி ஆபீஸ் படிக்கட்டில் கவிப்பிரியா காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு எண்ணாகப் போன் போட ஆரம்பித்தாள். பதினேழு எண்களுக்குப் போட்டார்கள். பதினேழிலும் ஆண் குரல். லாரி சத்தம், டீக்கடை சத்தம், யாரோ ஒருவர் திருப்பூரிலிருந்து.

"இன்னிக்கு மட்டும் சொல்லாதடி" என்றாள் கவிப்பிரியா. "செலக்ட் ஆனப்பறம் நம்மளே சரி பண்ணிக்கலாம். பொய்யா சொல்றோம்? போன் போச்சு, எடுத்தாங்க. பதிவுல இருக்கறதத்தான சொல்றோம்?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. சொல்லாவிட்டால் பதினோரு ஊருக்கும் கேமரா வரும். பதினோரு ஊரிலும் எடுக்கிற குரல் ஆண் குரலாக இருக்கும். சொன்னால் எதுவுமே வராமல் போகலாம். ஷீனா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் சரஸ்வதி என்ற அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கவனமாகக் கேட்டார். திரையில் 'எடுக்கப்பட்ட அழைப்புகள்: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு' என்று வந்த இடத்தில் ஷீனா நிறுத்தினாள்.

"இது உண்மைதாங்க மேடம். ஆனா எடுத்தவங்க யாரும் பாதையில நடக்கறவங்க இல்லீங்க."

ஆராயியைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது நிமிஷத்தைச் சொன்னாள். யார் எழுதிய பட்டியல் என்பதையும் சொன்னாள். கவிப்பிரியா குனிந்தே இருந்தாள். ஓரத்தில் இருந்தவர், "அப்போ அஞ்சு மாசம் நீங்க பண்ணின சோதனை?" என்று இழுத்தார்.

"அந்தப் பொம்பளைங்களுக்கு எதுக்கும் ஆகலீங்க."

யாரும் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. சரஸ்வதி அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் ஷீனா பக்கம் தள்ளினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லிடுவோம்மா. இந்த நம்பருக்குத்தான கூப்பிடணும்?"

நிறுவனர் கைபேசி எண் என்ற கட்டத்தில், ஷீனாவின் கையெழுத்தில், அப்பாவின் நம்பர் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து எந்தப் படிவத்திலும் அதைத்தான் எழுதுவாள். சொந்தப் போன் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது.

அவள் பேனாவை வாங்கி அதை அடித்தாள். பக்கத்தில் தன் நம்பரை எழுதிக்கொண்டு வந்தவள், கடைசி நாலு இலக்கத்தில் சந்தேகம் வந்து நின்றாள். போனைத் திறந்து பார்த்துத்தான் எழுதினாள்.

மலை ஏறும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். கவிப்பிரியா கம்பியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் போனில் டவர் போயிற்று, அடுத்த வளைவில் ஒரு கோடு வந்தது, மறுபடி போயிற்று. ஷீனா போனைப் பைக்குள் வைக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மேலே போகிறவரை அந்த ஒரு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.