ஓரெழுத்தில் காணாமற்போனவள்

அழகு நிலையக்காரியின் இளைய மகள் சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆங்கில எழுத்தினால் காணாமல் போனாள். வடிகட்டி மட்டும் அந்தரத்தில் நின்று வேலையை முடித்தது.

காரணம் அவள் அம்மாதான். இளையவள் புருஷனை உதறிவிட்டு வந்தவள். அது தெரிந்தால் மூத்தவளுக்கு வந்த வரன் கைநழுவிவிடும் என்று, பெண் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் "ஐ ஹேவ் எ டாட்டர்" என்று சொல்லிவைத்தாள். தமிழில் ‘ஒரு பொண்ணு’ என்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் சுமந்து பழகிய சொல் அது. கௌரவத்துக்கு ஆங்கிலத்தைக் கூப்பிட்டதுதான் வினை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சளைத்தவளா? அவளும் "வீ ஹேவ் எ சன்" என்றாள்.

அவர்கள் போனதும் அம்மா பக்கத்து வீட்டு ஆங்கில வாத்தியாரிடம் ஓடினாள். அந்த ‘எ’ ஆதியில் ‘ஆன்’ என்று இருந்தது, ‘ஒன்று’ என்றுதான் அதற்குப் பொருள் என்றார் அவர். வாய்க்கு வாய் தேய்ந்ததில் கணக்கு மறந்துபோயிற்றாம். உயிரொலிக்கு முன்னால் மட்டும் ‘ன்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.

"உங்க வீட்ல அதுக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சு. அந்த ‘ஆன்’கூட ‘அதர்’ சேர்ந்ததுதான் ‘அனதர்’. அவங்க முன்னாடியே ‘அனதர் டாட்டர்’னு சொல்லுங்க, வந்துடுவா."

"கல்யாணம் முடியட்டும் சார்," என்றாள் அம்மா.

அதுவரை இளையவள் இல்லாமலே இருந்தாள். சோறு வைத்தால் அவள் தட்டு காலியாயிற்று. அழகு நிலையத்தில் கண்ணுக்குத் தெரியாத கைகள் தலையைப் பிடித்துவிட்டபோது, புது மெஷின் பிரமாதம் என்றார்கள் வாடிக்கையாளர்கள். அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கச் சொந்தக்காரர்கள் பட்டுவந்த சிரமம் மிச்சமாயிற்று.

கல்யாணத்தன்று போட்டோக்காரர் மணப்பெண்ணிடம், "பக்கத்துல ஏன் இடம் விட்டிருக்கீங்க?" என்றார்.

"என் தங்கச்சி நிக்கிறா. அம்மா, நீ சொல்லாம நான் கல்யாண ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடமாட்டேன்."

அம்மா மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பினாள். "ஐ ஹேவ்... அனதர் டாட்டர்."

அக்காவின் கையைப் பிடித்தபடி இளையவள் நின்றிருந்தாள்.

"புருஷன் வேணாம்னு வந்துட்டா," என்றாள் அம்மா, இந்தத் தடவை தமிழில்.

எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். பிறகு மெல்லிய குரலில், "அனதர் சன்," என்றாள். வரிசையின் கடைசியில், சிறையிலிருந்து வந்த மூத்த மகன் கசங்கிய சட்டையோடு நின்றான். இளையவள் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தாள்.

போட்டோக்காரர் இரண்டடி பின்னால் போய், எல்லோரையும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார்.