ஐந்தாம் நாள் முடிச்சுகள்

இந்த உலகம் கண்ட படைகளிலேயே, உடம்புக்குள் நோயோடு சண்டையிடும் டி-செல்களுக்கு ஈடான படை இல்லை. அவற்றை ஆராயும் பெகுமூசிக்கு ஈடான ஆள் டர்பன் நகரத்திலேயே இல்லை. இதைப் பெகுமூசியே ஆய்வகத்தின் நடுவில் நின்று, துளியும் சிரிக்காமல் அறிவித்தான்.

"அப்போ நான் படிக்கிற செல்லு?" என்றாள் அதே ஆய்வகத்தில் ஆராயும் கேத்திவே. அவளை அவன் 'சிசி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

"அது சாரம், சிசி. கட்டடத்துக்கு வெளியில நிக்குமே குழாய், அது மாதிரி. நிணநீர் முடிச்சுக்குள்ள சும்மா நிக்குது. சண்டை போடறது என் பசங்க."

சும்மா நிற்பதை நான்கு வருடமாக ஆராய்ந்துவருகிறவள் அவள். முடிச்சைத் திசுவைக் கரைக்கும் நொதியில் போட்டு, வெதுவெதுப்பான நீரில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழலால் மெல்ல உறிஞ்சி, மெல்ல விட வேண்டும். அவசரப்பட்டால் அந்தச் செல்கள் கிழிந்துபோகும். "கைக்குழந்தைக்குப் பால் புகட்டறாங்க!" என்று பெகுமூசி அதை நடித்துக் காட்டி ஊரைச் சிரிக்கவைத்திருந்தான்.

அன்று ஆறு எலிகள். முடிச்சு வீங்குவதற்கான ஊசி போட்டு ஐந்தாம் நாள். கடுகளவு முடிச்சுகள் பயறளவுக்கு வீங்கியிருந்தன. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழு கொடுத்த அனுமதி இந்த ஆறோடு முடிந்தது. ஐந்தாம் நாள் கணக்கு இல்லையென்றால் அவளது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே இல்லை.

இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் எளிது. முடிச்சைச் சல்லடையில் தேய்த்தால் டி-செல்கள் கீழே வடியும், அது அவனுக்கு. வலையில் ஒட்டிக்கொள்ளும் எச்சம் அவளுக்கு.

நொதி எடுக்க மாடிக்குப் போய்த் திரும்பினாள். சல்லடைகள் பளிச்சென்று கழுவிக் கிடந்தன.

"எச்சம் எங்கடா?"

"குப்பையில. ப்ளீச்ல ஊறுது. குப்பைதானே?"

"ஆறு முடிச்சுமா?"

"அஞ்சு. ஆறாவது ஐஸ்ல இருக்கு. மூச்சு விட நேரம் வேணாமா?"

"உன் மூச்சை நிறுத்தறேன் இரு!" பக்கத்து அறைக் கதவு திறந்து, நிலைமை பார்த்து, மூடிக்கொண்டது. "வீக்கம் வந்தா முடிச்சுக்குள்ள கூட்டம் நெரியுது. வெடிக்காம இருக்கே, யாரால? என் செல்லு பிடியைத் தளர்த்தி, இழுபட்டு இடம் குடுக்குது. அப்புறம் தானும் பெருகுது. உன் பசங்களுக்குச் சோறு போடுது, ஆட்டம் மிஞ்சினா தலையில தட்டுது. திங்கக்கிழமை வளர்ப்புத் தட்டுல தனியா வச்சியே, உன் பட்டாளம், உயிரோட இருக்கா?"

"...செத்துப்போச்சு."

"அதே நாள் எனக்கும் கொஞ்சம் குடுத்தே, அதை என் செல்லு மேல வச்சேன். பாரு!"

அவன் நுண்ணோக்கியில் குனிந்தான். விரிந்து படர்ந்த அவளது செல்களின்மேல் அவனுடைய டி-செல்கள் கொத்துக்கொத்தாகப் பெருகிக்கிடந்தன. நெடுநேரம் நிமிரவில்லை.

கேத்திவே ஆறாவது முடிச்சை நொதியில் போட்டாள். முதல் பத்து நிமிடம் முடிந்தது. குழலை எடுத்தாள், கை உதறியது. பல்லைக் கடித்தாள். இன்னும் உதறியது. இந்தக் கையால் உறிஞ்சினால் இதுவும் போய்விடும். கோபப்படக்கூட வசதியில்லாத வேலை என்று நினைத்ததில் கோபம் இரட்டிப்பானது.

பெகுமூசி புதுக் கையுறை மாட்டினான். அவள் கையிலிருந்து குழலை வாங்கினான்.

"கிழிச்சே, கொன்னுடுவேன்."

அவன் மூச்சை அடக்கி, மெல்ல உறிஞ்சி, மெல்ல விட்டான். பிறகு கடிகாரத்தில் அடுத்த பத்து நிமிடத்தை வைத்தான்.