பக்கவாட்டு முகங்கள்

பாரோ மன்னர்கள் கட்டிய எட்ஃபு கோவில் முற்றத்தில் நிழல் விழுந்திருந்த ஒரே கல்லில் நான் உட்கார்ந்ததும் காவலாளி வந்துவிட்டார்.

"ஹாஜியாரே, எந்திரிங்க. அது ரெண்டாயிரம் வருசத்துக் கல்லு."

"என் முட்டி அதுக்கும் மூத்தது," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் பதில்களைத் தினமும் கேட்டு அலுத்தவராக இருந்தார். எழுந்துகொண்டேன்.

வடக்கே தான்தா ஊர்ப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் சரித்திரப் பாடம் நடத்தியவன் நான். ஒவ்வொரு வருடமும் இந்தக் கோவிலைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். நேரில் பார்ப்பது இன்றுதான். என் படத்தில் வெயில் கிடையாது. மூன்று கோட்டில் முடித்துவிடும் முகப்பு மதில், இங்கே கழுத்து ஒடிகிற உயரத்துக்கு நின்றது. ரயிலில் இரவெல்லாம் தொங்கிய கால்கள் வீங்கிச் செருப்புக்குள் போக மறுத்தன. என்னிடம் படித்தவர்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

இத்தனையும் என் மனைவி இன்ஷிராஹுக்காக. ஆறு மாதமாக அவள் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. நான் பேசினால் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொல்வாள். ஒரே மகள் ரஷாவைக் குவைத் மாப்பிள்ளைக்குக் கொடுத்த கோபம் என்று நினைத்திருந்தேன். சமாதானத்துக்குத்தான் அவளையும் கூட்டிக்கொண்டு இந்தப் பயணம்.

உள் மண்டபச் சுவரெல்லாம் தெய்வங்கள். பாதி முகங்களை எந்தக் காலத்திலோ யாரோ கொத்திப்போட்டிருந்தார்கள். தப்பியவையெல்லாம் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தன.

"பாத்தியா, உன் ஆளுங்கள. ஒருத்தராவது மனுசன் மூஞ்சிய நேரா பாக்குறாங்களா?" என்றேன்.

அவள் தூணில் சாய்ந்துகொண்டாள்.

"நேரா பாத்தா உங்க மூஞ்சி இருக்கிற எடத்துல கறுப்பாத்தான் தெரியுது. ஓரமா பாத்தா மீசையும் காதும் கொஞ்சம் தெரியும். அதான் திரும்பிக்கிறேன்."

"டாக்டர்கிட்ட..."

"போனேன். ரஷா கல்யாணத்துக்கு முந்தியே. போனது வராது, மிச்சத்தக் காப்பாத்தலாம்னாரு. சொன்னா அவ கல்யாணத்த நிறுத்திட்டு என் பக்கத்துலயே உக்காந்துருவா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நான் கோவமா இருக்கேன்னு நெனச்சு தெனமும் டீ போட்டுக் குடுத்தீங்க," என்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு, வாத்தியாரே."

வெளியே ஏதோ ஒரு சுற்றுலாக் கூட்டம் ஆரவாரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"இந்தச் சுவத்துல என்ன இருக்கு?" என்றாள். "சொல்லுங்க."

அரசன், படையல், படகு. முப்பத்தோரு வருடம் சொன்னவைதாம். வகுப்பில் போலவே அரசனில் ஆரம்பித்தேன்.

"புஸ்தகத்துல இருக்கிறது வேணாம். இப்ப அங்க இருக்கிறதச் சொல்லுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். ஓர் அரசியின் தோளுக்கு மேலே கல் பிளந்து, உள்ளிருந்து வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு குருவி," என்றேன். "வால் மட்டுந்தான் வெளிய இருக்கு. உள்ள குஞ்சுங்க."

"அது கேக்குது. மேல சொல்லுங்க."

குருவி பின்னோக்கி நகர்ந்து வெளியே வந்தது. அலகைக் கல்லில் இருமுறை துடைத்துவிட்டு, தூண்களுக்கு நடுவே தாழப் பறந்து, முற்றத்து வெயிலுக்குள் போனது. அது எதைக் கொண்டுவரும் என்று நாங்கள் இருவரும் காத்துக்கொண்டு நின்றோம்.