மச்சான் அடித்த காற்று

என் மனைவியின் தம்பி தபால்காரன். அவன் கோட்டம் எடுத்த சைக்கிள் சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. நிற்கிறது என்று நம்பி உட்காரப் போய்த் தலைசுற்றி விழுந்த ஈக்கள் மட்டும் ஓராயிரம் இருக்கும். ஞாயிறு காலை எங்கள் பின்னறையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பான். போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் காது கொடுப்பான். தளர்ந்த கம்பி தொப்பென்னும், முறுக்கான கம்பி டிங்கென்னும். கடைசியில் இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து, கட்டைவிரலால் அமுக்கி, "கல்லு மாதிரி இருக்கு அத்தான்" என்பான்.

அப்படிச் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கு மறுநாள், கடிதப் பையோடு நடுத்தெருவில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தான்.

சைக்கிள் மட்டும் எங்கள் பின்னறைக்குத் திரும்பி வந்து நின்றுவிட்டது. என் மனைவி சட்டம் போட்டாள். "அதுக்குள்ள இருக்கிறது என் தம்பி அடிச்ச காத்து. யாரும் கை வைக்கக் கூடாது."

தினமும் முகம் கழுவியதும் முன்சக்கரத்தை அமுக்கிப் பார்ப்பாள், நாடி பிடிக்கிற மாதிரி. பின்சக்கரம் சுவரோரம், இரும்புப் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தது. அந்தப் பெட்டியை நகர்த்த ஒரு யானையும் அதற்கு ஒரு துணையும் வேண்டும்.

டியூபில் ஓட்டையே இல்லாவிட்டாலும் காற்று கசியும். ஒரு மாதத்தில் முன்சக்கரம் லேசாகக் குழைந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் அவள் விரல் உள்ளே இறங்கும். இறங்கினால் அவளுக்குத் தம்பி இரண்டாம் தடவை சாவான்.

ஆகவே புதன்கிழமைகளில் அவள் கடைக்குப் போனதும் நான் திருடனானேன். பழைய கோட்டுக்குள் ஒளித்து வைத்த பம்பால் சரியாகப் பதினோரு அடி. அதற்குள் வால்வின் கழுத்து சூடாகிவிடும், எனக்கோ உயிர் தொண்டைக்கு வந்துவிடும். சில புதன்கிழமைகளில், நான் அடித்து முடித்ததும், பெட்டிக்குப் பின்னால் ஒரு கம்பி தானாக டிங்கென்றது. நான் தைரியசாலி. தெருமுனை வரைதான் ஓடினேன்.

அவளுக்கோ பெருமை தாங்கவில்லை. எட்டு மாதமாக ஒரு பொட்டுக் காற்று குறையவில்லை என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டாள்.

அப்புறம் கண் ஆபரேஷனுக்காக மகள் என்னைத் தன் ஊருக்கு அழைத்துப் போனாள். சக்கரத்தை விட்டு வரமாட்டேன் என்று மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஆறு வாரம். கட்டுப் போட்ட கண்ணுக்குள் குழைந்த டயர் ஒன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்ததும் பையைக்கூட இறக்காமல் பின்னறைக்கு ஓடி அமுக்கினேன். கல்.

"நான்தான் அடிச்சேன்" என்றாள் பின்னாலிருந்து.

நான் பையை இறக்கினேன்.

"பம்ப பழைய கோட்டுக்குள்ள சொருகி வச்சா எனக்குத் தெரியாதாக்கும். முத புதன்கிழமையே தெரியும்."

"பின்ன ஏண்டி ஒண்ணும் சொல்லல?"

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்பதான் ஒரு வேலைய வாரம் தவறாம செய்யுறீங்க. அத ஏன் கெடுப்பானேன்?" சிரித்தவள் மெல்லப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். "அவன் காத்து எப்பவோ போயிடுச்சுங்க. எனக்குத் தெரியாதா? உங்களுக்காகத்தான் தினமும் அமுக்கினேன். ஆனா பின்சக்கரத்துக்கும் அடிச்சிருக்கீங்களே, இந்தப் பெட்டிய எப்படி நகத்துனீங்க?"

"நான் எங்க அடிச்சேன்?"

"விளையாடாதீங்க. நேத்துகூட தொடப்பத்தால தட்டிப் பாத்தேன். கல்லு மாதிரி இருக்கு."

"நீ அடிக்கலையா?"

அவள் எழுந்துவிட்டாள்.

இருவரும் சேர்ந்து பெட்டியை இழுத்தோம். பத்து மாதத்தில் அந்தச் சக்கரம் ரிம்மோடு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்றது. வால்விலிருந்து மூன்று கம்பிகளுக்குச் சிலந்தி வலை, அதன்மேல் தூசி, ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அவள் வலைக்குப் பக்கவாட்டில் விரலை நுழைத்து வால்வின் கழுத்தைத் தொட்டாள். என் விரலையும் பிடித்து வைத்தாள்.

சூடாக இருந்தது. நான் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறவன்தான். இதில் மட்டும் ஒரு பொட்டும் கூட்டவில்லை.

பெட்டியைப் பழையபடி தள்ளிவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் துடைப்பம்கூட நீட்டுவதில்லை.

புதன்கிழமைகளில் இப்போது ஒளிவுமறைவு இல்லை. நான் முன்சக்கரத்துக்கு அடிக்கிறேன், அவள் எண்ணுகிறாள். பதினொன்று ஆனதும் பெட்டிக்குப் பின்னால் ஒரு கம்பி டிங்கென்னும்.

"போதுமாம்" என்பாள்.

நான் நிறுத்திவிடுவேன்.