மலையிறங்கும் சைக்கிளுக்கு நல்லெண்ணெய்

சங்கரன்கோவிலில் ஆறுமுகச்சாமி அண்ணாச்சியின் கடை வாசலில் நான்கு மலையிறங்கும் சைக்கிள்கள் மாலை போட்டு நின்றன. 'வரும் சீசனுக்கான புது மாடல்' என்றது பேனர். இந்தப் பக்கத்தில் சீசன் என்றால் குற்றாலத்தில் தண்ணீர் விழுவது. எனவே வந்து பார்த்தவர்கள், குளிக்கப் போனால் துண்டு வைக்க கேரியர் இல்லையே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள்.

காசிராஜனுக்கு அந்தக் கவலை இல்லை. மறுநாள் காலை கொடைக்கானலில் நடக்கும் மலையிறங்கும் சைக்கிள் போட்டியில் முதல் சைக்கிளை ஓட்டப் போகிறவன் அவன்தான். கல்லூரியில் கடைசி வருடம். அட்டெண்டன்ஸைப் பலி கொடுத்து, புளியங்குடிக்கு மேற்கே எலுமிச்சைத் தோப்புகளுக்கு மேலே இருக்கும் பாறைச் சரிவில் பழகியவன். ஓட்டியதைவிட விழுந்து பழகியதே அதிகம். போன மாதம் அவனுடைய பழைய சைக்கிளின் சட்டம் விரிசல் விட்டுவிட்டது. என் கடைப் பெயரில் நீ ஓட்டு, புது சைக்கிள் தருகிறேன் என்று அண்ணாச்சி சொன்ன பிறகுதான் போட்டிக்கே பெயர் கொடுத்தான்.

ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் மிதித்து, இரண்டு பிரேக்கையும் அழுத்தினான். சைக்கிள் அவன் பேச்சைச் சட்டை செய்யாமல் போய் எதிரே நின்ற சர்பத் வண்டியில் முட்டியது.

குனிந்து பார்த்தான். சக்கரத்தின் நடுவே வட்டத் தகடு. பிரேக் கட்டைகள் அதைக் கவ்வினால்தான் வண்டி நிற்கும். தகட்டில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். அதன் மேல் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இதுல என்னத்த ஊத்துனிய?"

"நல்லெண்ணெய்லே. செக்குல ஆட்டுனது. பிரேக்கப் பிடிச்சா கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. இப்பம் பாரு, சத்தம் உண்டா?"

"பிரேக்கே இல்ல, பொறவு எங்கன சத்தம் வரும்?"

"புது வண்டிலே. ஓட ஓடப் பிடிக்கும்."

"அது பிடிக்கதுக்குள்ள நான் பாறையில ஒட்டிக்கிட்டிருப்பேன்!"

எண்ணெய் குடித்த கட்டை இனி உதவாது. புதுக் கட்டைக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். "சரி, மத்த மூணுல ஒண்ணுல இருந்து கழட்டி மாட்டிக்கிடுதேன்" என்றான்.

"அதுகளுக்கும் ஊத்தியாச்சே" என்றார் அண்ணாச்சி பெருமையோடு. "ஒண்ணுக்கு ஊத்திட்டு மத்தத விட்டுருவேனா? என்னைய ஓரவஞ்சனக்காரன்னு நெனச்சியா?"

காசிராஜனுக்குக் காது மடல்வரை சூடேறியது. ஸ்டாண்டு வேண்டாம், கேரியர் வேண்டாம், மணி வேண்டாம் என்று ஒரு வாரமாகக் கெஞ்சிச் சாதித்திருந்தான். பிரேக்குக்கு எண்ணெய் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஒரு வருசம் அண்ணாச்சி! ஒரு வருசமா எலும்ப ஒடச்சிப் பழகியிருக்கேன். ஒரு கரண்டி எண்ணெயில முடிச்சிட்டியளே!"

"பயந்தா சொல்லு. எங்க அக்கா மகன் ஓட்டுவான்."

அக்கா மகன் இசக்கித்துரை அங்கேதான் மோட்டார் பைக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான். "ஓட்டிருவேன் மாமா. இறக்கம்தான, மிதிக்கக்கூட வேண்டாம்."

"ஏலே, பிடிச்சா நிக்காதுலே. செத்துருவ."

"தனக்கு ஓட்ட வரலன்னதும் சைக்கிளுக்குச் சீக்குன்னு சொல்லுதான் பாரு மாமா."

"சைக்கிள்ல கெடக்க மாலையக் கழட்டிராத" என்றான் காசிராஜன். "நாளைக்கு உனக்குப் போட ஆகும்."

இசக்கித்துரை சிரித்தான். சைக்கிளை ஏற்றிப்போகக் குட்டியானை வண்டி வந்து நின்றது. மாமனும் மருமகனும் கயிறு தேடி உள்ளே போனார்கள்.

காசிராஜன் பையிலிருந்து திருகாணி கழற்றும் அலன் கீயை எடுத்தான். முதல் சைக்கிளில் இரண்டு சக்கரத்துக் கட்டைகளையும் உருவிச் சாக்கடையில் வீசினான். இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று மற்ற மூன்றிலும் உருவி வீசினான். எண்ணெய் பட்டது எதுவும் மிதக்கவில்லை. கறுப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

வெளியே வந்த இசக்கித்துரை சைக்கிளில் ஏறி ஒரு தோரணைக்காக பிரேக்கை அழுத்தினான். அது கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி அழுத்தினான். மெல்ல இறங்கினான்.

"மாமா, இதுல பிரேக்கே இல்ல மாமா."

அண்ணாச்சி ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஏலே காசி! பிரேக் இல்லாம மலையில எப்படிலே இறங்குவான்? புள்ள விழுந்து செத்தா எங்கக்காவுக்கு யாருலே பதில் சொல்லது? மண்டையில மூளை இருக்கா உனக்கு?"

விடியும் நேரத்தில் கொடைக்கானலில் காசிராஜன் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு அடுத்தவன் பெயருக்குப் போய்விடுவார்கள். வாயைத் திறந்தால் அண்ணாச்சியின் அக்காவையும் சேர்த்து இழுத்துவிடுவோம் என்று தெரிந்ததால், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.