விரல் கன டிவியும் சேயூனேயின் வாயும்

புது டிவி விரல் கனம்கூட இல்லை. சேயூனே அதை மூன்றாம் முறையாகச் சுற்றி வந்தார். முன்னால் படம் ஓடுகிறது, பின்னால் ஒன்றுமே இல்லை. இவ்வளவு பெரிய படத்தை எங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

"பாத்தே தேச்சுப்புடாதீங்கண்ணே," என்றாள் நகிரிஜ்ஜா. நியெண்டோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் படக்கொட்டகை அவளுடையது. அங்கே ஓடும் வெளிநாட்டுப் படங்களுக்கெல்லாம் டிவி பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் உகாண்டாவின் லுகாண்டா மொழியில் கதை சொல்பவர் சேயூனே. பன்னிரண்டு வருஷமாக அதுதான் அவர் பிழைப்பு. "கடைக்காரன் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்கான். நீங்க வேணாம்னா திருப்பிடுறேன். உங்க வாய்க்குத்தான் கூட்டம் வருது."

அந்தப் பேச்சு அவருக்கு இனித்தது. மனிதருக்குப் புகழ்ச்சி என்றால் கொள்ளை ஆசை. நிறைகுறை சொல்ல ஆரம்பித்தார். சுவரில் மாட்டினால் இடம் மிச்சம். நிறமெல்லாம் கழுவிவிட்டது மாதிரி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் சத்தம் பின்பக்கமாகப் போய்ச் சுவரோடு பேசுகிறது. பந்தாட்டம் காட்டும் நாளில் ஒரு கோல் விழுந்து கூட்டம் முண்டியடித்தால் இந்த அப்பளம் தாங்குமா? பழைய டிவிப் பெட்டி இரண்டு தரம் கீழே விழுந்தும் உயிரோடு இருந்தது.

"சத்தம் ரொம்பக் கம்மியோ?" என்றாள்.

"அது குறையே இல்லம்மா. என் குரல் எடுப்பாக் கேக்கும்."

மதியம் சீனப் படம். கொட்டகை நிரம்பியது. வழக்கம்போல நாயகனுக்கு செமகுலா என்று ஊர்ப் பெயர் வைத்தார். போருக்குக் கிளம்பும் செமகுலா தாயிடம் விடைபெறும் கட்டம் வந்தது.

"அம்மா, வாழைத் தோட்டத்துல தனியாக் கெடந்து மாயாத. தங்கச்சி புருசன் சோம்பேறிதான், ஆனா வெட்கப்படுறவன். நாலு பேரு முன்னால வேலைக்குக் கூப்பிடு, வந்துருவான்." பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

இரண்டாம் வரிசையிலிருந்து பள்ளிக்கூட ஆசிரியை நாலுபேகா கேட்டாள்: "ஏங்கய்யா, படத்துக்குக் கீழ இங்கிலீஷ்ல 'போய்ட்டு வரேன், சாப்புடு'ன்னு மட்டும்தான போட்டிருக்கு?"

சேயூனே திரையின் அடிப்பக்கம் பார்த்தார். பழைய பெட்டியில் அந்த எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்தது போல மங்கிக் கிடக்கும்; யாரும் படித்ததில்லை, அவரும்தான். புது டிவியில் ஒவ்வோர் எழுத்தும் கத்தி மாதிரி நின்றது. இந்தக் குறையை மட்டும் அவர் காலையில் கணக்கில் எடுக்கவில்லை.

"அப்ப பன்னெண்டு வருசமா நீங்க சொன்னதெல்லாம்?" என்றார் முன்வரிசையில் இருந்த கறிக்கடை லுப்வாமா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன். மிச்சம் நானே சேத்துக்குவேன்," என்றார். அவமானத்தில் காது சுட்டது. "திருப்பிக் குடுத்துரும்மா இத. இல்ல, என்னைய அனுப்பிரு."

நகிரிஜ்ஜா படத்தை நிறுத்தினாள். நாலுபேகா எழுந்தாள்.

"நான் தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். டிவியும் இருக்கட்டும், நீங்களும் இருங்க. லுப்வாமாண்ணே, ஒக்காந்திருக்கிற பெஞ்சத் தூக்கி டிவிக்கு முன்னால குறுக்க நிறுத்துங்க. எழுத்து மறையட்டும்."

"அப்ப நான் எங்க ஒக்கார?"

"தரையில. தொப்பைக்கு நல்லது."

லுப்வாமா முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சைக் குறுக்காக நிறுத்தி வைத்தார். எழுத்துகள் மறைந்தன. அதற்கு மேலே தாயின் முகம் மட்டும், கண்ணோரச் சுருக்கம் வரைக்கும் தெளிவாக நின்றது. அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் சேயூனே பார்த்ததே இல்லை.

மைக்கைக் கையால் மூடிக்கொண்டு ஆசிரியையிடம் கேட்டார்: "அந்தத் தாய் பதிலுக்கு என்ன சொல்லுச்சு? நீங்க படிச்சிருப்பீங்களே."

"படிச்சேன். ஒண்ணும் அழுகை வரல," என்றாள் அவள். "நீங்க சொல்லுங்க."

சேயூனே தொண்டையைச் செருமினார். அந்தத் தாய் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.